வெயிலே அடுப்பு, மூடியே விறகு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும். இப்போதெல்லாம் தோட்டத்து வீடுகளின் பின்புறத்திலும் பட்டணத்து மலிவுவிலை வீடுகளின் வாசலிலும் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி முளைத்துவிடுகிறது. காற்றடித்து நிமிர்த்துகிற வகை ஒன்று. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தடித்த விரிப்பை மாட்டி நிறுத்துகிற வகை இன்னொன்று. மண்ணைத் தோண்ட வேண்டாம், சிமெண்டு பூச வேண்டாம். தரைமேல் விரித்துக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டால் நீச்சல் குளம் தயார்! ஒரு காலத்தில் துரைமார் பங்களாவிலும் கிளப்பிலும் மட்டுமே இருந்த பொருள் அது. அந்த வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் வீட்டுக் கொல்லையிலேயே குதித்து விளையாடுகிறார்கள். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

குறை ஒன்றே ஒன்றுதான்.

"பாட்டி, தண்ணி சில்லுன்னு இருக்கு!"

"கொஞ்சம் பொறுடா கண்ணு, வெயில் ஏறட்டும்."

கண்ணு பொறுப்பதில்லை. பத்து நிமிடத்தில் உதடு நீலம் பாய்ந்து, பல் தந்தியடிக்க, துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் வந்து நிற்கிறது. பேரன் நடுங்குவதைப் பார்த்தால் பெரியவர்களுக்கு மனம் பொறுக்குமா? ஒருவர் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றப் போகிறார். இன்னொருவர், வாளியில் போட்டுத் தண்ணீர் சூடாக்கும் மின்சாரக் கம்பியை எடுத்து, வயரை நீட்டித் தொட்டிக்குள் இறக்கலாமா என்று யோசிக்கிறார். முதல் காரியம் வீண் வேலை. இரண்டாவது காரியம் உயிரைக் குடிக்கும். பணம் அதிகம் செலவாகாமல், ஆபத்தும் இல்லாமல், அந்தத் தொட்டித் தண்ணீரை வெதுவெதுப்பாக்க வழி இருக்கிறது. அந்த வழியை நம் பாட்டிமார்கள் பாதி அறிந்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

வெயில் நாட்டிலே குளிர் எங்கிருந்து வந்தது?

மலேசியாவில் யாராவது குளிக்கும் குளத்தைச் சூடாக்குவார்களா என்று சிரிக்க வேண்டாம். நம் உடம்பின் தோல் ஏறத்தாழ 33 டிகிரிச் சூட்டில் இருக்கிறது. குழாய்த் தண்ணீரை 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதே 27 டிகிரியில் காற்று இருந்தால் நமக்குச் சுகமாக இருக்கும். தண்ணீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் குணமுடையது. அதனால்தான் காற்றில் சட்டையில்லாமல் ஓடும் பிள்ளை, அதே அளவு சூடுள்ள தண்ணீரில் உட்கார்ந்தால் நடுங்குகிறது. பிள்ளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு விரைவில் சூட்டை இழக்கும். எடை குறைவு, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அல்லவா?

சமவெளியிலேயே இப்படி என்றால், கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களைக் கேட்க வேண்டியதில்லை. 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் அங்கே 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. அது என்றோ ஒரு நாள் வந்த குளிர்தான். ஆனாலும் மலைத் தண்ணீரில் கை வைத்தவர்களுக்கு விரல் மரத்துப்போவது தெரியும்.

பெரியவர்கள் நீந்துவதற்கு 27, 28 டிகிரி போதும். சிறு பிள்ளைகள் உட்கார்ந்து விளையாட 30 முதல் 32 டிகிரி வரை இருந்தால் நல்லது. ஆக, நமக்கு வேண்டியது ஐந்து டிகிரிதான். கொதிக்கவும் வேண்டாம், ஆவி பறக்கவும் வேண்டாம். ஐந்தே டிகிரி.

ஐந்து டிகிரிக்கு என்ன விலை?

தோட்டத்து லயங்களில் சுடுதண்ணீர் வைத்த கதை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று கல், அதன்மேல் மண்ணெண்ணெய்த் தகரம், அடியில் பால்மர விறகு. தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும், பிள்ளை பெற்றவளுக்கு வேப்பிலையும் நொச்சியும் போட்டு ஊற்றவும் அந்தத் தகரம்தான். ஓர் ஆள் குளிக்க ஒரு வாளி. 20 லிட்டர் கொண்ட வாளித் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு சூடு வேண்டும்? மின்சாரக் கணக்கில் சொன்னால் யூனிட்டில் பத்தில் மூன்று பங்கு. ரிங்கிட் கணக்கு நான் போடவில்லை. கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், யூனிட் மாறாது. இந்த வாளியை நம் அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

ஐந்தடி அகலமுள்ள சின்னத் தொட்டியில் பத்து அங்குல உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் ஏறத்தாழ 460 லிட்டர் பிடிக்கும். இதை ஐந்து டிகிரி சூடேற்ற 2.7 யூனிட் வேண்டும். அதாவது ஒன்பது வாளிச் சுடுதண்ணீருக்கான சூடு. பன்னிரண்டு அடி அகலமுள்ள பெரிய தொட்டியில் இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நிறைத்தால் ஏறத்தாழ 6,400 லிட்டர். அதற்கு 37 யூனிட். 120 பேர் சுடுதண்ணீரில் குளிக்கப் போதுமான சூடு அது!

கேத்தல்காரரின் பாட்டை இப்போது பாருங்கள். சின்னத் தொட்டிக்கே கொதிக்கும் தண்ணீர் 34 லிட்டர் வேண்டும். சாதாரண மின்சாரக் கேத்தலில் 1.7 லிட்டர்தான் பிடிக்கும், ஆக இருபது தடவை நடக்க வேண்டும். பெரிய தொட்டி என்றால் 270 தடவைக்கு மேல். கொதிக்கும் கேத்தலைத் தூக்கிக்கொண்டு, ஈரத் தரையில், பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் இருபது தடவை நடப்பதா? கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவே உடல் நடுங்குகிறது. இந்த வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

இனி சூரியன் என்ன தருகிறான் என்று பார்ப்போம். நம் நாட்டில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு நாள் முழுதும் விழும் வெயிலில் சராசரியாக 4 முதல் 5 யூனிட் வரை சூடு இருக்கிறது. மேகமும் மழையும் போக மிஞ்சிய கணக்கு அது. சின்னத் தொட்டியின் வாயகலம் 1.8 சதுர மீட்டர். ஒரு நாளில் அதன்மேல் விழுவது ஏறத்தாழ 8 யூனிட். நமக்கு வேண்டியதோ 2.7. மூன்றில் ஒரு பங்கைப் பிடித்து வைத்தால் போதும்! பெரிய தொட்டியின்மேல் ஒரு நாளில் 47 யூனிட் விழுகிறது. வேண்டியது 37. ஒரே நாளில் முடியாவிட்டாலும் இரண்டு நல்ல வெயில் நாளில் முடியும்.

இவ்வளவு சூடு இலவசமாக வந்து விழுந்தும் தண்ணீர் ஏன் சில்லென்றே இருக்கிறது? யாரோ திருடுகிறார்கள். அதுதான் காரணம்.

திருடன் பெயர் ஆவி

நெற்றியில் ஈரத்துணி போட்டால் காய்ச்சல் ஏன் தணிகிறது? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? தண்ணீர் ஆவியாகும்போது தன்னோடு சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால், ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு சூடு அதோடு போய்விடும். நம் அளவுகோலில் இரண்டு வாளிச் சுடுதண்ணீர்!

மூடி இல்லாத தொட்டியில் ஒரு நாளில் அரை சென்டிமீட்டர் தண்ணீர் குறைவது நம் ஊரில் சாதாரணம். கண்ணுக்கே தெரியாது. ஆனால் பன்னிரண்டு அடித் தொட்டியில் அந்த அரை சென்டிமீட்டர் என்பது ஐம்பது லிட்டருக்கு மேல். அதோடு 35 யூனிட் சூடு போகிறது. பாடுபட்டு ஏற்ற வேண்டிய 37 யூனிட் எங்கே போயிற்று என்று இப்போது புரிகிறதல்லவா? திறந்த வெளிக் குளங்கள் இழக்கும் சூட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஆவியாகவே போகிறது என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்குச் சொல்கிறது. காற்று வீசினால் இன்னும் மோசம். ஈரத்துணியைக் காற்றில் உலர்த்துகிற கதைதான்.

வீட்டுக் கொல்லையில் தொட்டி வைப்பது அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பழைய வழக்கம். அங்கே கோடை சில மாதங்கள்தான். இரவில் குளிர் இறங்கும். ஆகவே சூடாக்கும் கருவிகளில் அவர்கள் பார்க்காததில்லை. எரிவாயு அடுப்பு, மின்சார இயந்திரம், கூரைமேல் கறுப்புப் பாய் என்று எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்தக் கருவியை வாங்கினாலும் முதலில் மூடி வாங்கு என்பதுதான் அங்கே எல்லாரும் சொல்லும் புத்தி. மூடியில்லாமல் சூடாக்குவது ஓட்டை வாளியில் தண்ணீர் சேந்துவது போலத்தான்.

எந்த மூடி நல்லது?

பலரும் தவறு செய்கிற இடம் இது. கறுப்பு நிறம் சூட்டை இழுக்கும், ஆகவே கறுப்புப் பிளாஸ்டிக்கோ கன்வாஸோ போட்டு மூடினால் தண்ணீர் நன்றாகச் சுடும் என்று நினைக்கிறார்கள். கறுப்பு மூடி தான் சுடுகிறதே தவிர, அந்தச் சூட்டில் பெரும்பகுதியைக் காற்றுக்கே கொடுத்துவிடுகிறது. ஒளி தண்ணீருக்குள் இறங்கி, தொட்டியின் அடியில் பட்டு, அங்கே சூடாக மாற வேண்டும். ஒளியைத் தெளிவாக விடும் மூடி, வெயிலில் 5 முதல் 15 விழுக்காடு வரைதான் தடுக்கும். ஒளி புகாத மூடியோ 20 முதல் 40 விழுக்காடு வரை தடுத்துவிடும். ஆகவே பகலில் தெளிந்த பிளாஸ்டிக்கே சிறந்தது.

இதற்கென்றே சின்னச் சின்னக் காற்றுக் கொப்புளங்கள் வைத்த நீலப் பிளாஸ்டிக் மூடி விற்கிறார்கள். கொப்புளப் பக்கம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு மிதக்க வேண்டும். அதை வாங்க முடியாதவர்கள் சாமான் கடையில் மேசைவிரிப்புக்கு விற்கும் தெளிந்த பிளாஸ்டிக்கை, தொட்டியின் வாயளவுக்கு வெட்டி மிதக்கவிடலாம். குளிர்பெட்டி, கண்ணாடிச் சாமான் ஆகியவற்றைச் சுற்றி வரும் கொப்புளப் பிளாஸ்டிக்கும் சில வாரங்களுக்கு உதவும். வெயிலில் அது விரைவில் நொறுங்கித் தூள் தண்ணீரில் கலக்கும். அப்படி ஆகத் தொடங்கியதும் எறிந்துவிடுங்கள். மூடி தண்ணீரை ஒட்டி இருக்க வேண்டும் என்பது முக்கியம். மேலே பந்தல் போலக் கட்டினால் இடைவெளியில் ஆவி சுற்றிக்கொண்டு வெளியே போகும்.

மூடியோடு சேர்த்து இன்னும் இரண்டு காரியம் செய்யலாம், காசு செலவில்லை. தொட்டியை மா, ரம்புத்தான் நிழலில் வைக்காமல் காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை வெயில் விழும் இடத்தில் வையுங்கள். காற்று வரும் பக்கம் சுவரோ வேலியோ மறைத்தால் மேலும் நல்லது. அடியிலே பழைய ரப்பர் விரிப்பு, பாய் எதையாவது போட்டு அதன்மேல் தொட்டியை விரித்தால் தரைக்குப் போகும் சூடு குறையும். கல்லும் முள்ளும் குத்தித் தொட்டி ஓட்டையாகாமலும் இருக்கும்.

தொட்டி வாங்காத வீட்டுக்கும் இது பொருந்தும். கைக்குழந்தையைக் குளிப்பாட்ட, அகன்ற பாத்திரத்தில் தண்ணீரை முற்றத்து வெயிலில் வைத்து, உச்சி வேளையில் எடுத்து ஊற்றுவது நம் பாட்டிமார்களின் வழக்கம். அந்தப் பாத்திரத்தை ஒரு கண்ணாடியாலோ தெளிந்த பிளாஸ்டிக்காலோ மூடி வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் சூடேறியிருக்கும். அதைத்தான் நான் பாதி அறிந்திருந்தார்கள் என்று முன்பு சொன்னேன். அந்த மறுபாதியை 1767-லேயே செய்து பார்த்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த ஹோராஸ் த சோசூர் என்ற அறிஞர். கண்ணாடி மூடிய பெட்டியை வெயிலில் வைத்தார், உள்ளே தண்ணீர் கொதிக்கும் அளவையும் தாண்டிச் சூடு ஏறியது. 1891-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கறுப்பு வண்ணம் பூசிய தொட்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வெயிலில் சுடுதண்ணீர் தரும் கருவி என்று காப்புரிமை வாங்கி விற்கத் தொடங்கினார். 1909-ல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் குழாயைத் தனியாகவும் சேமிப்புத் தொட்டியைத் தனியாகவும் பிரித்தார். இன்று பட்டணத்து மாடி வீடுகளின் கூரையில் நாம் பார்க்கும் சூரிய வெந்நீர்க் கருவி அதன் வாரிசுதான்.

கறுப்புக் குழாய் வித்தை

மூடி மட்டும் போதாது, இன்னும் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பவர்களுக்கு அடுத்த வழி கறுப்புப் பாலி பைப். தோட்டத்து நாற்றுமேடைகளில் தண்ணீர் பாய்ச்சும் அதே குழாய்தான். நம்மவர்களுக்கு அதை இணைக்கவும் வளைக்கவும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் அங்குலக் குழாய் 50 மீட்டர் எடுத்து, வட்டமாகச் சுருட்டித் தகரக் கூரையிலோ சிமெண்டுத் தரையிலோ வெயில் படும்படி பரப்பிவிடுங்கள். சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் மேலே உள்ளது கீழே உள்ளதற்கு நிழலாகிவிடும். ஒரு முனையைக் குழாயடியில் மாட்டி, மறுமுனையைத் தொட்டிக்குள் விடுங்கள். குழாயைச் சன்னமாகத் திறந்தால் தண்ணீர் ஊர்ந்து போகும்போதே வெதுவெதுப்பாகித் தொட்டியில் விழும். சின்னத் தொட்டி நிறைய நான்கு மணி நேரம் ஆகும்படி திறந்தால் சரியாக இருக்கும். காலை பத்து மணிக்குத் திறந்துவிட்டால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் இறங்கலாம்.

பெரிய தொட்டிக்கு இதே குழாய் போதாது. வெளிநாடுகளில் தொட்டியின் வாயகலத்தில் பாதி முதல் முழு அளவு வரை பரப்புள்ள கறுப்புப் பாய்களைக் கூரையில் வைத்து, தொட்டியின் வடிகட்டி இயந்திரத்தாலேயே தண்ணீரை மேலே தள்ளி இறக்குகிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டியதில்லை. நல்ல மூடி இருந்தால் நம் வெயிலே பெரும்பாலும் சமாளித்துவிடும்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. தண்ணீர் ஓடாமல் வெயிலில் கிடந்த குழாய்க்குள் முதலில் வருவது வெதுவெதுப்பான தண்ணீர் அல்ல, சுட்டுப் பொசுக்கும் தண்ணீர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2016-ல் ஒரு தாய், விளையாட்டுத் தொட்டியை நிறைக்கத் தோட்டக் குழாயைத் திறந்தபோது, அதில் வந்த தண்ணீர் தெறித்துப் பச்சைக் குழந்தையின் தோல் வெந்துபோன செய்தி உலகமெங்கும் வந்தது. அவர் செய்தது நாம் எல்லாரும் அன்றாடம் செய்கிற வேலைதான். மேலே சொன்ன 50 மீட்டர்ச் சுருளுக்குள் 15 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் தொட்டிக்குள் இருக்கும்போது அந்தச் சுருளைத் திறக்கவே கூடாது. தொட்டி நிறைந்து, பெரியவர் கையை விட்டு நன்றாகக் கலக்கி, முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே பிள்ளைகள் இறங்க வேண்டும். மேல் தண்ணீர் சூடாகவும் அடித் தண்ணீர் குளிர்ந்தும் இருக்கும், ஆகவே கலக்குவது அவசியம். நாள் முழுதும் மூடிக் கிடந்த ஆழமில்லாத தொட்டியில் சூடு அளவுக்கு மீறியும் போகலாம். 38 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் சிறு பிள்ளையை இறக்கக் கூடாது.

கறுப்பு வண்ணம் பூசிய டிரம்மைக் கல் மேடையில் ஏற்றி வெயிலில் வைத்தாலும் சுடுதண்ணீர் கிடைக்கும். ஆனால் எந்த டிரம்? களைக்கொல்லி, பூச்சிமருந்து, உரக்கரைசல் வந்த டிரம்மும் டின்னும் தோட்டத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் அந்த மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும், எத்தனை தடவை கழுவினாலும் சரி. வெயில் பட்டுத் தண்ணீர் சூடானால் அது இன்னும் எளிதாக வெளியே வரும். பாராகுவாட் மருந்து 2020-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. மருந்து போனாலும் அதன் பழைய டின்கள் எத்தனை கொட்டகைகளில் கிடக்கின்றனவோ! மருந்தடித்துத் தோல் புண்ணான கைகளைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய், சோயா போன்ற உணவுப்பொருள் வந்த டிரம்தான் ஆகும்.

மின்சாரம் வேண்டவே வேண்டாமா?

தண்ணீருக்குள் போடும் மின்சாரக் கம்பியைப் பற்றி இரண்டு பேச்சு இல்லை. பிள்ளைகள் இறங்கும் தொட்டியில் அதைப் போடவே கூடாது. "பிள்ளைங்க இறங்குறதுக்கு முன்னால எடுத்துடுவேன்" என்பார்கள். சுவிட்சை அணைக்க மறந்து எடுக்கப் போகும் கை யாருடையது? ஒரு பிள்ளை ஓடிவந்து குதிக்க எத்தனை நொடி ஆகும்? நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் உடம்பில் 30 மில்லி ஆம்பியர், அதாவது சின்ன இரவு விளக்கு இழுக்கும் அளவு மின்சாரம் பாய்ந்தாலே மூச்சும் இதயமும் நின்றுபோகக்கூடும். தொட்டியருகே நீட்டிய வயர், ரேடியோ, மின்விசிறி எதுவும் வேண்டாம். காற்றடிக்கும் இயந்திரத்தையும் தண்ணீர் விடுவதற்கு முன்பே கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

குளியலறைச் சுவரில் மாட்டிய உடனடிச் சுடுதண்ணீர்க் கருவி பல வீடுகளில் வந்துவிட்டது. 3,600 வாட் கருவி என்றால் சின்னத் தொட்டிக்கு வேண்டிய 2.7 யூனிட்டை முக்கால் மணி நேரத்தில் கொடுத்துவிடும். அதிலிருந்து வாளியில் பிடித்து ஊற்றிக் குளிரை முறிக்கலாம். ஆனால் அதன் வெளிவாயில் நீண்ட குழாய் மாட்டி இழுப்பதும், அந்தக் குழாயை முறுக்கி நிறுத்துவதும் ஆபத்து. தண்ணீர் போக வழியில்லாமல் அடைபட்டால் உள்ளே சூடும் அழுத்தமும் ஏறும். கருவி எதுவானாலும் சிரிம் முத்திரை பார்த்து வாங்க வேண்டும். பதிவு பெற்ற ஒயர்மேனைக் கொண்டு, மண்ணோடு இணைக்கும் எர்த் வயருடன் மாட்ட வேண்டும். 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகள், ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் தனிக் கருவியைக் கேட்கின்றன. பழைய வீடுகளில் பொதுப் பெட்டியில் இருப்பது 100 மில்லி ஆம்பியருக்கு மாட்டியதாக இருக்கலாம். அது வீடு தீப்பிடிக்காமல் காக்கும், ஆளைக் காக்காது. அந்தக் கருவியில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்காவிட்டால் அன்றைக்கே ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். அண்ணன் தம்பி, அடுத்த வீட்டு மாமா, "எனக்கு வயர் வேலை கொஞ்சம் தெரியும்" என்பவர், இவர்கள் யாரும் வேண்டாம்.

வெளிநாடுகளில் வெப்ப இயந்திரம் என்று ஒன்று வைக்கிறார்கள். குளிர்பெட்டி உள்ளேயிருந்து சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறதே, அதே வேலையை அது காற்றிலிருந்து எடுத்துத் தண்ணீருக்குள் செய்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு, ஐந்து யூனிட் சூடு கிடைக்கும். நம் வெப்பக் காற்றில் நன்றாகவே வேலை செய்யும். விலை பல ஆயிரம் வெள்ளி, ஓட்டல்காரர்களுக்குச் சரி. எரிவாயு அடுப்பும் அப்படியே. விறகு மூட்டி அதற்குள் குழாய்ச் சுருளை வைத்துத் தண்ணீரை ஓட்டுகிறவர்களும் உண்டு. தண்ணீர் ஓட்டம் நின்ற அடுத்த நிமிடம் சுருளுக்குள் நீராவி சேர்ந்து வெடிக்கும். பிளாஸ்டிக் தொட்டியின் பக்கத்தில் நெருப்பும் கூடாது.

தண்ணீர் வெதுவெதுப்பானால்

சுகமான தண்ணீர் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, கிருமிக்கும் கொசுவுக்கும் சுகம்தான். சின்னத் தொட்டித் தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். இன்று நிறைத்தது இன்று மாலையே போகட்டும். வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் கீரைப் பாத்திக்கும் ஊற்றினால் தண்ணீர்க் கட்டணம் வீணாகாது. பெரிய தொட்டியைத் தினம் மாற்ற முடியாது. அதற்கு வடிகட்டியும் குளோரினும் வேண்டும். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் காகிதம் கடையில் விற்கிறது. ஆற்றுத் தண்ணீர், குட்டைத் தண்ணீரைப் பிடித்துவந்து நிறைப்பது அறவே கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வளரும் ஒரு வகை அமீபா, மூக்கின் வழியாக ஏறி மூளையைத் தாக்கும். அரிதான நோய்தான், வந்தால் பிழைப்பது அதனினும் அரிது.

கொசு விஷயத்தில் தொட்டியைவிட மூடிதான் வில்லன். மழை பெய்து மூடியின் மடிப்புகளில் தேங்கும் தெளிந்த தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். மழை விட்டதும் மூடியைத் தூக்கிக் கவிழ்த்து உதறுங்கள். சுகாதார அதிகாரி வந்து புழுவைக் கண்டால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் தண்டம் எழுதுவார். டெங்கிக் காய்ச்சலோடு ஒப்பிட்டால் தண்டம் சின்ன விஷயம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று. ஐந்து சென்டிமீட்டர்த் தண்ணீரில்கூடக் குழந்தை மூழ்கும், சத்தமே வராது. மிதக்கும் மூடியின்மேல் ஏறிய குழந்தை அதற்குள் சிக்கினால் வெளியே தெரியவும் தெரியாது. ஆகவே பிள்ளைகள் இறங்கும் முன் மூடியைப் பாதி ஒதுக்கக் கூடாது, முழுதாக எடுத்துச் சுருட்டி வைத்துவிட வேண்டும். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் வரை பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், கைப்பேசியைப் பார்க்காமல். அக்காள் பார்த்துக்கொள்வாள் என்று எட்டு வயதுப் பெண்ணிடம் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். சோறு கொதித்து வழியட்டும், பரவாயில்லை. இடி முழங்கினால் வானம் வெளுத்திருந்தாலும் எல்லாரையும் வெளியே எடுத்து வீட்டுக்குள் அனுப்புங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடிமின்னல் மிகுந்த இடங்களில் ஒன்று. மற்ற இடங்களிலும் பிற்பகல் மழை எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும்.

பெரிய தொட்டியின் ஏணியை எடுத்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டுங்கள். சின்னத் தொட்டியைக் காலிசெய்து கவிழ்த்து வையுங்கள். மூடியை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்திச் சுருட்டி வைத்தால் அடுத்த பள்ளி விடுமுறைக்கும் உதவும்.